உங்களுக்குத் தெரியுமா? குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் இந்தச் சிகரம்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். யோசெமிட்டி தேசியப் பூங்கா. அங்கே ஹாஃப் டோம் என்றொரு கருங்கல் மலை. உயரம் 2,694 மீட்டர். பையில் பணம் இருக்கலாம், காலில் வலு இருக்கலாம். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் உச்சியை மிதிக்க முடியாது!

ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அனுமதி? வெறும் 300! காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர்கள் 225 பேர். காட்டில் கூடாரம் போட்டுத் தங்கிப் போகிறவர்கள் 75 பேர். அவ்வளவுதான் கணக்கு!

2016-இல் இதே பூங்காவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 50,28,868 பேர்!

முன்பெல்லாம் இந்தக் கட்டுப்பாடே கிடையாது. சனி, ஞாயிறுகளில் கூட்டம் சேர்ந்தால் ஒரே நாளில் 1,200 பேர் வரை இந்தப் பாறையில் தொற்றி ஏறியிருக்கிறார்கள்!

2010-இல்தான் முதன்முதலாக பெர்மிட் வந்தது. அதுவும் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு மட்டும். நாளொன்றுக்கு 400 பேர். உடனே கூட்டம் திங்கள் முதல் வியாழன் வரையுள்ள நாட்களுக்குத் தாவிவிட்டது! 2011-இல் ஏழு நாளும் பெர்மிட் கட்டாயம்!

ஆரம்பத்தில் குலுக்கல் இல்லை. முந்தியவருக்கே சீட்டு. விற்பனை திறந்த சில நிமிடங்களில் எல்லாம் காலி! ஒன்றரை டாலர் பெர்மிட்டைக் கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 2012-இல் குலுக்கலுக்கு மாறியதும் அந்த வியாபாரம் படுத்தது!

பெரிய குலுக்கல் எப்போது? மார்ச் 1 முதல் 31 வரை விண்ணப்பம். ரெக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்தில் போடலாம். ஏப்ரல் நடுவில் முடிவு. மார்ச் 31-ஐத் தவறவிட்டால் அடுத்த பெரிய குலுக்கலுக்கு 11 மாதம் காத்திருக்க வேண்டும்!

ஒரு விண்ணப்பத்தில் 6 பேர் வரை சேரலாம். 7 தேதிகள் வரை கேட்கலாம்! முதலில் எது வேண்டும், அடுத்து எது என்று வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தேதியை எழுதிவிட்டுக் காத்திருப்பவர் ஆறு வாய்ப்புகளைக் கைவிடுகிறார் என்று அர்த்தம்!

ஏழு தேதிகளையும் சனிக்கிழமைகளாகவே எழுதாதீர்கள்! எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். செவ்வாய், புதன் என்று கேட்பவருக்குக் கதவு கொஞ்சம் அகலமாகவே திறக்கிறது.

பெயரை இரண்டு விண்ணப்பங்களில் போட்டால் இரட்டை வாய்ப்பு என்று நினைக்கிறீர்களா? குழுத் தலைவர், மாற்றுத் தலைவர் என எந்த இடத்தில் போட்டாலும் சரி, ஒருவர் பெயர் இரண்டு முறை வந்தால் அத்தனை விண்ணப்பமும் ரத்து!

விண்ணப்பக் கட்டணம் 10 டாலர். குலுக்கலில் தோற்றாலும் அது திரும்பாது! ஜெயித்தால் ஆளுக்கு இன்னொரு 10 டாலர். இதை மட்டும், போக முடியாதென்று முன்கூட்டியே ரத்து செய்தால் திருப்பித் தருகிறார்கள்.

மாற்றுத் தலைவர் பெயரைக் காலியாக விட்டுவிடாதீர்கள்! அன்றைக்குத் தலைவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், மாற்றுத் தலைவர் அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். இருவரில் ஒருவர்கூட இல்லையென்றால் கையிலிருக்கும் பெர்மிட் வெறும் காகிதம்! மீதி எல்லாரும் திரும்ப வேண்டியதுதான். நண்பருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது!

மார்ச் குலுக்கலில் தோற்றவருக்கு இன்னொரு கதவும் உண்டு! சீசன் முழுக்க தினமும் ஒரு குட்டிக் குலுக்கல் நடக்கிறது. சனிக்கிழமை ஏற ஆசையா? வியாழக்கிழமை விண்ணப்பியுங்கள். அன்று மாலையே முடிவு! ரத்தானவை, மீந்தவை எல்லாம் சேர்ந்து சுமார் 50 பெர்மிட் இப்படித் தினமும் கிடைக்கிறது. ஏற்கெனவே பூங்காவுக்குள் தங்கியிருக்கும் ஆளுக்கு இது பெரிய வரம்!

பெர்மிட் இல்லாமல் ஏறி மாட்டிக்கொண்டால்? 5,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை! சப்டோம் என்ற சிறு குன்றின் அடிவாரத்தில் ரேஞ்சர் நின்று சீட்டைச் சரிபார்ப்பார். அதற்குள் நீங்கள் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து முடித்திருப்பீர்கள்!

ஆனால் சீட்டே இல்லாமல் சட்டப்படி இறங்கி வருகிறவர்களும் உண்டு! மலையின் செங்குத்து முகத்தில் கயிறு கட்டி ஏறி உச்சியைத் தொட்ட பாறையேற்ற வீரர்கள்தான் அவர்கள். சப்டோமை மிதிக்காமல் மேலே போய்விட்டதால், நடைபாதை வழியாக இறங்க அவர்களுக்கு பெர்மிட் தேவையில்லை. அந்த முகத்தின் உயரம் சுமார் 600 மீட்டர்!

போய்வர மொத்தம் 14 முதல் 16 மைல். அதாவது 22 முதல் 26 கிலோமீட்டர்! ஏற்றம் மட்டும் 4,800 அடி. பழக்கப்பட்டவர்களுக்கே 10 முதல் 12 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் பலர் இருட்டிலேயே தலை விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்!

நடை தொடங்கும் இடம் ஹாப்பி ஐல்ஸ். அங்கிருந்து மிஸ்ட் டிரெயில் என்ற பாதை. பெயருக்கேற்ற சாரல்! 97 மீட்டர் உயர வெர்னல் அருவியை ஒட்டி 600-க்கும் மேற்பட்ட கல்படிகள். வசந்த காலத்தில் பனி உருகிப் பெருகும்போது, படியேறுகிறவர் தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்துதான் மேலே வருவார். மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள்!

அதைத் தாண்டினால் இன்னொரு அருவி. நெவாடா அருவி. 181 மீட்டர்! ஒரே நடையில் இரண்டு பேரருவிகள்!

ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகச் சொல்கிறது பூங்கா. குழாயில் சுத்திகரித்த தண்ணீர் கிடைக்கும் கடைசி இடம் வெர்னல் அருவிப் பாலம். அது எங்கே இருக்கிறது? நடை தொடங்கிய ஒன்றேகால் கிலோமீட்டரிலேயே! அதற்கப்புறம் மெர்சிட் ஆற்றுத் தண்ணீர்தான். வடிகட்டாமல் வாய் வைக்கக் கூடாது.

வெர்னல் அருவிக்கு மேலே எமரால்டு பூல் என்றொரு குளம். பார்த்தவுடன் குதிக்கத் தோன்றும் பச்சை நீர். குளிக்கத் தடை! கொஞ்சம் தள்ளி அந்தத் தண்ணீர் அப்படியே வெர்னல் அருவியாக விழுகிறது!

இரவு காட்டில் தங்குகிறவர்கள் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். சட்டம்! பற்பசையும் உதட்டுக் களிம்பும்கூட அந்தக் கணக்கில் சாப்பாடுதான். மணம் வந்தால் போதும், கரடிக்கு அது விருந்து!

காரில் பிஸ்கட் பொட்டலத்தை விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள்! 1998-இல் மட்டும் யோசெமிட்டியில் பதிவான கரடிச் சம்பவங்கள் 1,500-க்கும் மேல். பெரும்பாலும் கார்களை உடைத்துத் திறந்தவை!

இனி வருவதுதான் முக்கியம். இத்தனை நடந்தும் உச்சிக்குக் கடைசி 400 அடி பாக்கி! அது பாதையே இல்லை. வழுக்குப் பாறை. சரிவு சுமார் 45 டிகிரி! அங்கேதான் இரண்டு எஃகு வடங்கள் மேலே போகின்றன.

அந்த வடங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், வாருங்கள். பாறையில் துளைகள். துளைகளில் ஜோடி ஜோடியாக இரும்புக் கழிகள். கழிகளின் தலையில் வடம். ஒவ்வொரு ஜோடிக்கும் அடியில் குறுக்காக ஒரு மரப்பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஏறக்குறைய 10 அடி. அந்தப் பத்தடியைக் கையால் வடத்தை இழுத்து, ஷூவின் அடிப்பிடியை நம்பி, ஒரே மூச்சில் கடக்க வேண்டும். பலகையில் நின்று மூச்சு வாங்கலாம். பிறகு அடுத்த பத்தடி! எண்ணற்ற கால்கள் தேய்த்த பாறை சில இடங்களில் பளபளவென்று மின்னும். அங்கேதான் கால் வழுக்கும்!

இன்னொன்று தெரியுமா? ஏறவும் அதே வழி, இறங்கவும் அதே வழி! இரண்டு வடங்களுக்கும் நடுவே மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு விலக வேண்டும்!

அந்தக் கழிகள் பாறையில் சிமென்ட் போட்டு இறுக்கியவை அல்ல. துளையில் சும்மா செருகியவை! குளிர்காலம் வந்தால் கழிகளையும் பலகைகளையும் கழற்றிவிடுவார்கள். வடம் மட்டும் பாறை மேல் படுத்துக் கிடக்கும். மே மாதக் கடைசியில் மறுபடி தூக்கி நிறுத்துவார்கள். அக்டோபர் நடு வரைதான் சீசன். மொத்தம் நாலரை மாதம்!

இந்த வடங்களுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது! சியரா கிளப் முதன்முதலாகப் போட்டது 1919-இல். 1934-இல் மாற்றிக் கட்டினார்கள். இப்போது இதற்கு அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டிலும் இடம் உண்டு. ஒரு கைப்பிடிக்கு இவ்வளவு மரியாதை!

கட்டாயம் கையுறை கொண்டு போங்கள். பிடிப்பான ரப்பர் கையுறை உத்தமம்! வெறுங்கையால் எஃகு வடத்தை 400 அடி இழுத்தால் உள்ளங்கை என்னாகும்? தோட்ட வேலைக் கையுறையே போதும். விலை சில டாலர்தான்!

மழை வந்தால்? திரும்புங்கள்! பெர்மிட் கிடைத்த சந்தோஷம், பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்த உழைப்பு, எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். நனைந்த பாறை கண்ணாடி மாதிரி வழுக்கும். எஃகு வடம் மின்னலை வா வா என்று கூப்பிடும். 1985 ஜூலையில் உச்சியில் விழுந்த மின்னல் இருவரின் உயிரைக் குடித்தது. கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். அதனால் நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவது போலத் திட்டம் போட்டவரே கெட்டிக்காரர்!

1860-களில் ஜோசையா விட்னி என்ற பெரிய நிலவியலாளர், இந்த மலை உச்சியில் மனிதக் கால் படவே படாது என்று அடித்துச் சொன்னார். கலிஃபோர்னியா மாநில நிலவியல் ஆய்வுக்கே தலைவர் அவர்! சில ஆண்டுகள் போயின. 1875 அக்டோபர் 12. ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் உச்சியில் நின்றார்!

எப்படி ஏறினார்? முதலில் வெறுங்காலோடு முயன்றார். வழுக்கியது. பைன் மரப் பிசினைக் காலில் பூசிப் பார்த்தார். அது ஒட்டிக்கொண்டு விட மறுத்தது! கடைசியில் உளியும் சுத்தியலும் எடுத்தார். பாறையில் ஒரு துளை. துளையில் ஓர் இரும்பு வளைய ஆணி. அந்த ஆணி மேல் ஏறி நின்று, எட்டும் உயரத்தில் அடுத்த துளை. அதில் அடுத்த ஆணி. இப்படியே உச்சி வரை, தன்னந்தனியாக! பிறகு அந்த ஆணிகளில் 975 அடிக் கயிற்றையும் கட்டிவிட்டார்!

கயிறு கட்டிய அதே 1875-இல் சாலி டச்சர் என்ற பெண் உச்சியைத் தொட்டுவிட்டார்! முழு நீளப் பாவாடை அணிந்து பெண்கள் மலையேறிய காலம் அது!

ஆண்டர்சன் ஏறிய மறு மாதமே ஜான் மியூரும் ஏறினார். யோசெமிட்டியைத் தேசியப் பூங்கா ஆக்கப் போராடிய அதே மியூர்! 1890-இல் பூங்கா பிறந்தது.

ஆண்டர்சன் மேலே வரை படிக்கட்டு கட்டத் திட்டமிட்டார். முடிக்காமலே 1884-இல் காலமானார். அவரைப் புதைத்த இடமும் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று வணங்கிவிட்டு வாருங்கள். அத்தனைக்கும் தகுதியான மனிதர்!

யாரும் ஏறவே முடியாது என்றாரே விட்னி, அவர் பெயரில் ஒரு மலை இருக்கிறது. மௌன்ட் விட்னி, 4,421 மீட்டர். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவின் ஆக உயரமான சிகரம் அதுதான். அதில் ஏறவும் குலுக்கல்! ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு தினம் 100 சீட்டு!

அந்த இரண்டு மலைகளையும் ஒரே நடைபாதை இணைக்கிறது! ஹாஃப் டோமுக்கு நடை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸில்தான் ஜான் மியூர் டிரெயிலும் தொடங்குகிறது. முடியும் இடம் விட்னி உச்சி. நீளம் சுமார் 340 கிலோமீட்டர்!

ஹாஃப் டோம், அதாவது பாதிக் குவிமாடம் என்று பெயர் வைத்தார்களே, பாதி காணாமல் போனதா? இல்லவே இல்லை! அந்தப் பாதியிலும் போனது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்கிறார்கள் நிலவியலாளர்கள். மீதி ஐந்தில் நாலு பங்கு அப்படியே நிற்கிறது!

2015 ஜூலையில் அந்தச் செங்குத்து முகத்திலிருந்து ஒரு பெரும் பாறைப் பாளம் பெயர்ந்து விழுந்தது. உயரம் 200 அடி, அகலம் 100 அடி! பிரபலமான ஏறு வழியின் ஒரு பகுதியே அதோடு போயிற்று. யாருக்கும் காயமில்லை!

1957-இல் அந்த முகத்தில் முதன்முதலாக ஏறிய மூவர் ராயல் ராபின்ஸ், ஜெர்ரி கால்வாஸ், மைக் ஷெரிக். எடுத்துக்கொண்டது 5 நாள்! அதே முகத்தில் 2008-இல் 23 வயது அலெக்ஸ் ஹானல்ட் கயிறே இல்லாமல் ஏறினார். எடுத்துக்கொண்டது சுமார் 3 மணி நேரம்! ஏறி முடித்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு வடம் வழியாக வெறுங்காலோடு இறங்கினார். எதிரே வந்தவர்கள் அவர் செருப்பில்லாமல் நடப்பதைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டார்கள்!

1927 ஏப்ரல் 10. ஆன்செல் ஆடம்ஸ் என்ற 25 வயது இளைஞர் பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் முதுகில் சுமந்து, பனியில் ஏறி, ஹாஃப் டோமுக்குப் பக்கத்துப் பாறை விளிம்புக்கு வந்தார். மிஞ்சியது இரண்டே தகடு! முதல் தகட்டில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த கணமே மனம் ஒப்பவில்லை. வானம் வெளிறிப் போகும் என்று பட்டது. கடைசித் தகடு. சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது! உலகமே கொண்டாடும் புகைப்படக் கலைஞரை உருவாக்கிய படம் அதுதான். ஒரே ஒரு தகடு!

2005-இல் அமெரிக்கா வெளியிட்ட கலிஃபோர்னியா கால் டாலர் நாணயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஜான் மியூர் இருக்கிறார், காண்டோர் கழுகு இருக்கிறது, ஹாஃப் டோமும் இருக்கிறது! நார்த் ஃபேஸ் ஜாக்கெட்டில் வளைந்த மூன்று கோடுகள் உண்டே, அவையும் இந்த மலையைப் பார்த்து வரைந்தவைதான்!

உச்சியில் இரவு தங்கலாமா? கூடாது! காரணங்களில் ஒன்று ஒரு சாலமாண்டர். மௌன்ட் லைல் சாலமாண்டர் என்ற விரல் நீள உயிர் அங்கே கல்லடியில் வாழ்கிறது. தங்கியவர்கள் காற்றுத் தடுப்புக்குக் கற்களைப் புரட்டியதில் அதன் வீடு போயிற்று. விரல் நீள உயிருக்காகவும் சேர்த்துத்தான் உச்சியில் இரவுத் தங்கலை நிறுத்தினார்கள். சரியான முடிவு!

ஹாஃப் டோமில் மட்டுமல்ல, வேறு இடங்களிலும் இதே வழிதான். யூட்டா மாநிலம், சயான் தேசியப் பூங்கா. அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற கத்தி முனைப் பாறை. இருபுறமும் பாதாளம், பிடித்துக்கொள்ளச் சங்கிலி! 2022 ஏப்ரல் 1 முதல் அங்கும் பெர்மிட்.

அரிசோனாவில் தி வேவ் என்ற அலைப் பாறைக்கு இன்னும் கறார். தினம் 64 பேர்தான்! அதற்கு ஹாஃப் டோமே தேவலை.

ஆக, ஆசை வந்தாயிற்றா? மார்ச் 1-ஐ இன்றே காலண்டரில் வட்டமிடுங்கள். 6 பேரைச் சேருங்கள், ஏழு தேதிக்கும் இடம் விடுங்கள், மாற்றுத் தலைவர் பெயரை மறக்காதீர்கள். ஒரு விண்ணப்பம்தான், 10 டாலர்தான். இந்த வருடம் விழாவிட்டால் அடுத்த மார்ச்சில் மறுபடி போடுங்கள்!